நாலாவது கட்டம் ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளை எப்படி ஒழுங்கு செய்ய வேண்டும் என்று போன வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்ற சொல் ஒரு தமிழ் நாளிதழில் முக்கால் பக்கத்துக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலையைப் பார்த்துக்கொண்டு, என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவந்தவன் நான். ஆனால் கட்டுரையின் நடுவில் கட்டம் கட்டிக் கொடுத்திருந்த பத்து வழிகாட்டும் கொள்கைகளைப் படித்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. 'தரவு நிறுவனத்தின் சொத்து', 'பாதுகாப்பு அனைவரின் பொறுப்பு', 'தொழில்நுட்பம் வணிகத் தேவைக்காகவே'... இதையெல்லாம் யார் மறுக்கப்போகிறார்கள்? யாரும் மறுக்காததால்தான் இவை யாருக்கும் உதவுவதில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் இந்த வாசகங்கள் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியிருக்கின்றன, கோப்பைகளில் அச்சாகியிருக்கின்றன, ஒரு இடத்தில் கணினித் திரையின் பின்புலமாகவே வைத்திருந்தார்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல் கோப்பில் இறக்கி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்தத் துறை தெரியாத வாசகர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு பெரிய நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் ஓடும். சம்பளத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, இன்னும் யாருக்கும் என்னவென்றே நினைவில்லாத பத்துப் பதினைந்து. எது எதோடு பேசுகிறது, எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, எதை நிறுத்தினால் எது விழும், அடுத்த ஐந்து வருடத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்பதை முழுப் படமாகப் பார்ப்பதுதான் இந்த வேலை. 1987-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜான் சாக்மன் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையை இதன் தொடக்கம் என்று சொல்வார்கள். என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்ற ஆறு கேள்விகளை வரிசையாக வைத்து, திட்டமிடுகிறவர் பார்வையில் தொடங்கி மென்பொருள் எழுதுகிறவர் பார்வை வரை ஒவ்வொரு தட்டிலும் அதே ஆறையும் கேட்பதுதான் அவர் பெயரால் வழங்கும் சட்டகம். அப்புறம் 1995-இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய ஒரு வேலையை அடித்தளமாக வைத்து, ஓபன் குரூப் என்ற அமைப்பு டோகாஃப் என்ற முறையை வெளியிட்டது. 1996-இல் அமெரிக்காவில் வந்த கிளிங்கர்-கோஹன் சட்டம், அரசுத் துறைகளின் தகவல் அதிகாரிகள் இப்படி ஒரு கட்டமைப்பை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும் என்று விதியாகவே போட்டுவிட்டது. ஆக, இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை.

இந்த டோகாஃபில் கொள்கைகளை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு அச்சு இருக்கிறது. நாலு கட்டம். முதலில் பெயர். இரண்டாவது, கொள்கை என்ன சொல்கிறது என்று ஒன்றிரண்டு வரி. மூன்றாவது, ஏன். நாலாவது, இதைக் கடைப்பிடித்தால் என்னென்ன செய்ய வேண்டிவரும், யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும், எவ்வளவு செலவாகும் என்பது. மாதிரிக்கு 21 கொள்கைகளையும் இதே அச்சில் கொடுத்திருந்தார்கள். நான் பார்த்த நிறுவனங்களில் முக்கால்வாசி அந்த 21-ஐ அப்படியே நகலெடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி, முதல் மூன்று கட்டத்தை அழகாக நிரப்பி, நாலாவதைக் காலியாக விட்டுவிடும். அல்லது "தகுந்த நடவடிக்கைகள் எடுக்கப்படும்" என்று ஒரு வரி போட்டுவிடும். உங்கள் கட்டுரையிலும் அந்த நாலாவது கட்டத்தைக் காணோம்.

என்னைக் கேட்டால் நாலாவது கட்டம்தான் கொள்கை, மற்ற மூன்றும் அதற்கு முன்னுரை.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், இதை நான் கண்டுபிடிக்கவில்லை, துறையில் பலரும் செய்வதுதான். கொள்கையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'தரவு சொத்து' என்பதைத் திருப்பினால் 'தரவு குப்பை' என்று வரும், எந்த நிறுவனமும் அப்படிச் சொல்லாது, ஆகவே அது கொள்கையே கிடையாது, வெறும் வாழ்த்து. 'முதலில் சந்தையில் கிடைப்பதை வாங்கு, கிடைக்காவிட்டால் மட்டும் நாமே எழுது' என்பதைத் திருப்பினால் 'முதலில் நாமே எழுதுவோம்' என்று வரும். புத்தியுள்ள நிறுவனம் ஒன்று அந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் இருக்கலாம். அப்படியானால் முதலாவதைத் தேர்ந்தெடுத்த நீங்கள் உண்மையாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள், எதையோ வேண்டாம் என்று விட்டிருக்கிறீர்கள். அதுதான் கொள்கை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் சில வருடம் இருந்தேன். அங்கே 'தகவல் ஒரே இடத்தில் பராமரிக்கப்படும், எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்வார்கள்' என்று கொள்கை இருந்தது. இயக்குநர் கையெழுத்தோடு. ஒரு நாள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளரின் கணவர் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிவிட்டது, அந்தம்மா சான்றிதழ் கொடுத்து, முகவரியும் மாற்றச் சொல்லி, நாலு முறை பேசியும் இறந்தவர் பெயருக்கே பழைய வீட்டுக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது, புதிதாகக் குடிவந்தவர்கள் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "சார், நான் மாத்திட்டேன், திரையில மாறித்தான் இருக்கு, பாருங்க" என்று காட்டினார். மாறித்தான் இருந்தது. அவர் திரையில்.

இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். அந்த ஒரு மனிதரின் முகவரி ஏழு இடத்தில் இருந்தது. சேவைப் பிரிவின் தரவுத்தளம் ஒன்று, பில் போடும் மென்பொருள் ஒன்று, விற்பனைப் பிரிவு கிளவுடில் தனியாக வாங்கிய மென்பொருள் ஒன்று, வசூல் பிரிவு, அனுப்பும் பிரிவு, மாதாந்தர அறிக்கைக்காக யாரோ எப்போதோ எடுத்துவைத்த நகல். ஏழாவது, கடிதம் அச்சடிக்கும் வெளி நிறுவனத்துக்கு வாரம் ஒருமுறை போகும் கோப்பு. அந்தக் கோப்பு எங்கிருந்து போகிறது என்று பார்த்தால், மேசைக்கு அடியில் இருந்த ஒரு பழைய கணினியிலிருந்து. அதன் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது: "தயவுசெய்து அணைக்காதீர்கள்". யார் ஒட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பசை காய்ந்து, மேலே செல்லோடேப் போட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஆக, இரண்டு தலைமுறை ஊழியர்களாவது அந்தக் காகிதத்தை மதித்திருக்கிறார்கள். சுவரில் தொங்கிய கொள்கைக்குக் கிடைக்காத மரியாதை அது!

அந்தக் கொள்கையின் நாலாவது கட்டத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்க வேண்டும்? முகவரிக்குப் பொறுப்பாளர் சேவைப் பிரிவின் தலைவர், அவர் பெயர் இது. வேறு எந்தப் பிரிவும் முகவரியைத் தன் திரையில் திருத்த முடியாது, அந்தப் பொத்தான் எடுக்கப்படும். விற்பனைப் பிரிவு தான் வாங்கிய மென்பொருளில் உள்ள முகவரிப் பக்கத்தை இழக்கும், அவர்களுக்கு அது பிடிக்காது. பழைய ஆறு இடங்களையும் ஒரு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) வழியாகக் கேட்கவைக்க இவ்வளவு ஆள், இவ்வளவு மாதம், அந்தக் காலத்தில் வேறு இரண்டு பிராஜெக்ட் தள்ளிப்போகும். இதை எழுதி அந்த ஆறு பிரிவுத் தலைவர்களின் முன்னால் வைத்திருந்தால் அன்றே சண்டை வந்திருக்கும். அன்றே வந்திருக்க வேண்டிய சண்டைதான். அது வராமல் கையெழுத்தாகிவிட்டதால், எட்டு மாதத்தில் ஒரு விதவை நாலு முறை போன் செய்தார்.

முடியாத காரியம் என்று நினைக்க வேண்டாம். எஸ்டோனியா என்ற சின்ன நாடு 2001-லிருந்து எக்ஸ்-ரோடு என்ற இணைப்புத் தளத்தை நடத்திவருகிறது. அரசுத் துறைகள் தகவலை ஒரு பெரிய கிடங்கில் கொட்டவில்லை, அவரவர் தகவல் அவரவரிடமே இருக்கும், தேவைப்படுகிறவர்கள் அந்த வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய சட்டத்தில் உள்ள ஒரு வரி: ஒரே தகவலைச் சேகரிப்பதற்காகத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைக்கக் கூடாது. கூடாது என்றால் கூடாதுதான். 'பகிர்வதை ஊக்குவிப்போம்' என்று வழவழவென்று எழுதவில்லை, ஒரு துறை இன்னொரு தரவுத்தளம் கேட்டு வந்தால் காட்டுவதற்கு ஒரு வரி இருக்கிறது.

அடுத்தது சொற்கள். 'பொதுவான சொல்வளமும் வரையறையும்' என்று அந்த 21-இல் ஒன்று உண்டு, கேட்க ஏதோ அகராதிக்குழு வேலை மாதிரி இருக்கும், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு கூட்டத்தில் உட்காரும்வரை. நமக்கு மொத்தம் எத்தனை வாடிக்கையாளர்கள் என்று தலைமை நிர்வாகி சாதாரணமாகக் கேட்டார். விற்பனை ஒரு எண் சொன்னது, நிதி அதில் பாதி சொன்னது, சேவைப் பிரிவு இரண்டுக்கும் நடுவில் ஒன்று சொன்னது. யாரும் பொய் சொல்லவில்லை. விற்பனைக்கு விசாரித்தவர் எல்லாம் வாடிக்கையாளர், நிதிக்குப் பணம் கட்டியவர் மட்டும், சேவைக்குப் போன் செய்தவர். ஒரு மணி நேரம் அதிலேயே போனது, கடைசியில் மூன்று எண்களையும் அறிக்கையில் போட்டு அடிக்குறிப்பு எழுதினார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லாமல் போன சம்பவமும் உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலன் செவ்வாயை நெருங்கி, கோளின் பின்பக்கம் போனது, திரும்பி வரவே இல்லை. கலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று, உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட வழிநடத்தல் குழு அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் கிட்டத்தட்ட நாலரை மடங்கு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டியது, பின்னால் கணக்குப் போட்டபோது 57 கிலோமீட்டர் என்று வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எந்த அலகில் தர வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் நடுவிலான ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. மெட்ரிக்தான். விதி இருந்தது. அந்த விதிப்படிதான் கோப்பு வருகிறதா என்று பார்க்க யாரும் இல்லை. நாலாவது கட்டத்தில் "ஒவ்வொரு கோப்பும் வரும்போது அலகு சரிபார்க்கப்படும், சரிபார்க்கிறவர் இன்னார்" என்று ஒரு வரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பத்தில் இல்லாத ஒன்று, நான் எழுதினால் முதலில் எழுதுவது: வேண்டாததை எடுத்துவிடு. புதிது கொண்டுவருவதற்குப் பணம் ஒதுக்குவார்கள், விழா எடுப்பார்கள், பழையதைக் கழற்றுவதற்கு ஒருவரும் பைசா தர மாட்டார்கள், ஏனென்றால் அது சும்மாதானே கிடக்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டுமே.

சும்மா கிடந்தது என்ன செய்யும் என்பதற்கு நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையை நான் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்வேன். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, 2013-இல் அபராத உத்தரவில் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவைத்திருக்கிறது. அவர்களுடைய மென்பொருளில் 2003-க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பகுதி இருந்தது, அதை யாரும் நீக்கவில்லை. 2012-இல் ஒரு புதிய வசதியைச் சேர்த்தபோது, அந்தப் பழைய பகுதியை எழுப்பப் பயன்பட்ட அதே குறியீட்டைப் புதியதற்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளைப் போட வேண்டும். ஒன்றில் போட மறந்துபோனார்கள், போட்டவரின் வேலையை இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் முறை எதுவும் இல்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பகுதி எழுந்து வாங்கு வாங்கு, விற்று விற்று என்று ஆரம்பித்துவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள், நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். அதற்குள் பதறிப்போய் ஏழு சர்வர்களில் இருந்த புதிய மென்பொருளைக் கழற்றினார்கள், அதனால் அந்த ஏழிலும் பழையது எழுந்துகொண்டது. சந்தை திறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பழைய பகுதியின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் திறந்து பார்த்து நடவடிக்கை எடுக்கவில்லை. அடுத்த வருடம் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துபோனது.

மேசைக்கடியில் இருந்த என் மஞ்சள் காகிதக் கணினியை, இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றியது.

'மாற்றத்தைச் சிறுசிறு படிகளாகச் செய்' என்பதையும் எல்லோரும் எழுதுவார்கள், டெட்லைன் நெருங்கினால் மறந்துவிடுவார்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தகவல் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது, புதிய அமைப்புதான் தாங்கவில்லை. பழையபடி இயல்புக்குத் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டன. சிறு படி என்றால் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓட வேண்டும், இரட்டைச் செலவு, இரட்டை வேலை. அந்த இரட்டைச் செலவை நாலாவது கட்டத்தில் எழுதி, நிதிப் பிரிவிடம் கையெழுத்து வாங்காதவரை "சிறு படி" என்று பேசுவதில் பலன் இல்லை.

எல்லாக் கொள்கையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'எந்த வெண்டாரையும் சார்ந்திருக்கக் கூடாது', அதாவது மென்பொருள் விற்கும் எந்த நிறுவனத்தையும் நம்பி இருக்கக் கூடாது என்று ஒன்று போட்டிருந்தீர்களே, அது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. கேட்க வீரமாக இருக்கிறது. நடைமுறையில், ஒரு கிளவுட் நிறுவனம் தரும் நல்ல வசதி எதையும் தொடாமல், எல்லாவற்றுக்கும் மேலே நாமே இன்னொரு மென்பொருளை உறை மாதிரி எழுதி, அந்த உறையைப் பராமரிக்க ஆறு பேரை வைத்து, கடைசியில் அந்த உறையைச் சார்ந்தவர்களாகிவிடுவோம். அதை எழுதிய ஆள் வேலையை விட்டுப் போனால் எந்த வெண்டாரும் கைகொடுக்க மாட்டான். எதில் சிக்கிக்கொண்டால் பிழைக்கலாம், எதில் சிக்கினால் வெளியே வர முடியாது என்று பிரித்து எழுதுங்கள். நம் தகவலை முழுசாக, வேறு யாரும் படிக்கக்கூடிய வடிவத்தில், எப்போது கேட்டாலும் வெளியே எடுக்க முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இன்னொன்று, ஆர்க்கிடெக்ட்கள் பேசவே விரும்பாதது. 1968-இல் மெல்வின் கான்வே என்பவர் எழுதினார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கிற எதுவும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகத்தான் அமையும். என் ஏழு முகவரிகளுக்கும் காரணம் தொழில்நுட்பம் கிடையாது. விற்பனையும் பில் பிரிவும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த மாடியில் இருந்துகொண்டு, பல வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் பேசாத இடத்தில்தான் அவர்களுடைய மென்பொருளும் பேசவில்லை. அதை ஏபிஐ போட்டுச் சரிசெய்யப் போனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். அதனால் கொள்கைகளை எழுதும் அறையில் மென்பொருள்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதைப் பாதி வேலை என்றுகூடச் சொல்ல மாட்டேன். பட்ஜெட் கையில் வைத்திருப்பவர் ஒருவர், தினமும் வாடிக்கையாளர் திட்டுவதைக் கேட்கிறவர் ஒருவர், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுப்பப்படுகிறவர் ஒருவர், இந்த மூன்று பேராவது இருக்க வேண்டும். மூன்றாமவரை எந்த நிறுவனத்திலும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எத்தனை கொள்கை வேண்டும் என்று கேட்டால், ஒரு சாதாரண பொறியாளர் வேலை நடுவில் பார்க்காமல் சொல்லக்கூடிய அளவு. எனக்கு ஏழெட்டுக்கு மேல் நினைவில் நிற்காது.

கடைசியாக விதிவிலக்குகள். கொள்கை கறாராக இருந்தால் எவரும் மீறாமல் இருக்க மாட்டார்கள், அவசரம் வரும், சட்டம் மாறும், போட்டியாளர் ஏதாவது செய்துவிடுவார். மீறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மீறியது எழுத்தில் இருக்க வேண்டும். என்ன மீறினோம், ஏன், யார் ஒப்புதல், எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம். தேதி முக்கியம். தேதி இல்லாத விதிவிலக்குக்கு நடைமுறையில் புதுக் கொள்கை என்று பெயர். நான் கொள்கை மறுஆய்வுக் கூட்டங்களில் முதலில் கேட்பது இந்த விதிவிலக்குப் பட்டியலைத்தான். பட்டியலில் ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் கொள்கையை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஒரே கொள்கைக்கு இருபது விதிவிலக்கு இருந்தால் கொள்கையைத்தான் மாற்ற வேண்டும், ஊழியர்களைத் திட்டுவதில் பயனில்லை. இந்தப் பட்டியலை ஒரு எக்செலில் வைத்தாலே போதும், இதற்கென்று தனி மென்பொருள் விற்க வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

அந்த ஏழு முகவரிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். நாலாவது கட்டத்தை எழுத உட்கார்ந்தோம், மூன்று கூட்டம் சண்டையிலேயே முடிந்தது, நாலாவதில் விற்பனைப் பிரிவுத் தலைவர் எழுந்து வெளியே போனார், ஐந்தாவதில் திரும்பி வந்தார். ஒன்றரை வருடத்தில் ஏழு இடம் இரண்டாகக் குறைந்தது. சேவைப் பிரிவுதான் உரிமையாளர். அனுப்பும் பிரிவு மட்டும், லைசென்ஸ் காலம் முடியும்வரை என்று சொல்லி, தன் நகலை விதிவிலக்கில் வைத்துக்கொண்டது. தேதி போட்டுத்தான் கொடுத்தோம். அதை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். நான் அந்த நிறுவனத்தை விட்டு வரும் நாளில் நாலாவது முறை நீட்டிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருந்தது, எனக்கு அடுத்து வந்தவரிடம் முடியாது என்று பதில் போடச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டாரா தெரியாது. மஞ்சள் காகிதக் கணினியை மட்டும் நானே என் கையால் அணைத்தேன். அணைத்துவிட்டு, யாராவது கத்துகிறார்களா என்று இரண்டு வாரம் காத்திருந்தோம். யாரும் கத்தவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகர்